யூனியனை ஏற்பதா, வேண்டாமா? இந்த ஓட்டுக்காக 100 ஆண்டுக்கு முன்பே விலை கொடுத்த பி.பி. வாடியா

2024 ஜூலையில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உள்ள அமேசான் கிடங்கில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுச் சீட்டில் கட்சியும் இல்லை, வேட்பாளரும் இல்லை. ஜி.எம்.பி. என்ற தொழிற்சங்கத்தை நிறுவனம் அங்கீகரித்து, அதனுடன் உட்கார்ந்து சம்பளம் பேச வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி மட்டும்தான். வேண்டும் என்றவர்கள் 49.5 சதவீதம். வெறும் 28 ஓட்டில் போய்விட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் நம்ம நாட்டிலும் இப்படி ஓர் ஓட்டெடுப்பு நடந்தது, கவனித்தீர்களா? இந்திய ரயில்வேயில் எந்தச் சங்கத்தை அங்கீகரிப்பது என்று ஊழியர்கள் ரகசிய ஓட்டுப் போட்டார்கள். 2007, 2013-க்குப் பிறகு இது மூன்றாவது முறை. மைசூருவிலிருந்து நஞ்சன்கூடு வழியாகப் போகும் பாதை சாமராஜநகரில் முடிகிறது. அந்தப் பாதை இருக்கும் தென்மேற்கு ரயில்வேயும் இந்தத் தேர்தலில் இருந்தது.

இப்போ அதே சாமராஜநகர் வழியாகப் போகும் கோவை - பெங்களூரு நெடுஞ்சாலையை நினைத்துப் பாருங்கள். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வரும் லாரிகளில் நீங்கள் ஆர்டர் செய்த ஷூவோ செல்போன் உறையோ இருக்கலாம். அதை அடுக்கி, ஸ்கேன் செய்து, பேக் செய்தவர் ஏதோ ஒரு கிடங்கில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பார். ரயில்வே ஊழியர் போட்ட அந்த ஓட்டை அவரும் போட முடியுமா?

கிட்டத்தட்ட 100 ஆண்டுகளாக மத்திய சட்டத்தில் இதற்குத் தெளிவான பதில் இல்லை. அது ஏன் என்று புரிய, தமிழே தெரியாமல் சென்னைத் தொழிலாளர்களுக்குத் தலைவரான ஒரு பார்சிக்காரரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் பஹ்மன் பெஸ்டோன்ஜி வாடியா. சுருக்கமாக பி.பி. வாடியா.

முதலில் மூன்று படிகள்

கதைக்குள் போகும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கம் என்பதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, சங்கம் அமைப்பது. அது அரசியல் சாசனம் 19-வது பிரிவில் தரும் உரிமை. இரண்டாவது படி, அரசுப் பதிவாளரிடம் அதைப் பதிவு செய்வது. மூன்றாவது படி, முதலாளி அந்தச் சங்கத்தை அங்கீகரித்துப் பேச்சுவார்த்தைக்கு உட்காருவது.

முதல் இரண்டும் கையில் இருந்தும் மூன்றாவது இல்லையென்றால், உங்களிடம் ஒரு சான்றிதழ் இருக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்க நாற்காலி காலி. வாடியாவின் வாழ்க்கை திசை மாறியது அந்தக் காலி நாற்காலியால்தான்.

அடையாறுக்கு வந்த பம்பாய்க்காரர்

வாடியா பிறந்தது 1881 அக்டோபர் 8, பம்பாயில். இளமையில் துணி வியாபாரம் பார்த்தவர். அது அவரைப் பிடித்து வைக்கவில்லை. பிரம்மஞான சபையின் மீது ஈடுபாடு வந்து, அதன் தலைமையகம் இருந்த அடையாறுக்கே குடிவந்துவிட்டார். அங்கே சபையின் பதிப்பகத்தை நடத்தினார். அன்னி பெசன்ட்டின் நியூ இந்தியா பத்திரிகையில் அவருக்குத் துணையாக இருந்தார்.

பெசன்ட் தொடங்கிய ஹோம் ரூல் இயக்கத்திலும் வாடியா முன்வரிசை. 1917 ஜூனில் சென்னை மாகாண அரசு பெசன்ட், அருண்டேல், வாடியா மூவரையும் காவலில் வைத்தது. ஊட்டியில் அடைபட்டிருந்தவர்கள் செப்டம்பரில் விடுதலையானார்கள்.

அதாவது, 36 வயதில் அவர் ஒரு பத்திரிகைக்காரர், ஆன்மிகவாதி, அரசியல்வாதி. மில் வாசலைப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது. மில் வாசல்தான் அவரைத் தேடி வந்தது.

பெரம்பூர், 1918

அப்போது பெரம்பூர் பக்கம் பக்கிங்காம் மில், கர்நாடிக் மில் என இரண்டு பெரிய ஆலைகள். பின்னி கம்பெனி நடத்தியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், ராணுவத்துக்குக் காக்கித் துணி போய்க்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் அரிசி விலை ஏறிக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை. மேற்பார்வையாளர்களின் திட்டும் அடியும் சாதாரணம்.

மில் பக்கத்தில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாருக்கு இதெல்லாம் தினமும் காதில் விழுந்தது. சாமான் வாங்க வரும் தொழிலாளர்கள் குறைகளைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அவரும் நண்பர் ராமானுஜலு நாயுடுவும் நியூ இந்தியா அலுவலகத்துக்குப் போய் வாடியாவைச் சந்தித்தார்கள்.

வாடியா பெரம்பூருக்கு வந்தார். ஆங்கிலத்தில் பேசினார். பக்கத்தில் நின்றவர்கள் தமிழில் சொன்னார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர். தேசபக்தன் ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகப் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு ஆச்சரியம் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் என்றாலே வேலைநிறுத்தம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாடியா அந்த ரகம் இல்லை. போர் நடக்கும் நேரத்தில் வேலையை நிறுத்தக் கூடாது என்று தொழிலாளர்களைத் தடுத்தவர் அவர். அவருக்கு வேண்டியது மாதச் சந்தா, உறுப்பினர் பட்டியல், முறையான கடிதம், பிறகு பேச்சுவார்த்தை. இன்றைக்கு நம் ஆபீஸ் மொழியில் சொன்னால், எல்லாவற்றையும் ஒரு பிராசஸ் ஆக்க நினைத்தவர்.

நிறுவனத்தின் பார்வை வேறு. எங்கள் தொழிலாளிக்குக் குறை இருந்தால் எங்களிடம் நேரே வரட்டும், நடுவில் மில்லில் ஒரு நாள்கூட வேலை பார்க்காத இந்த வெளியாள் எதற்கு என்பதே அதன் சாரம். அவர் அரசியல்வாதி வேறு. இந்த வாதத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, நாளை வேலை போய்விடுமோ என்று பயந்த ஒரு தொழிலாளி மேனேஜர் எதிரில் நின்று கணக்குப் பேச முடியுமா என்பது வாடியா பக்கத்துக் கேள்வி. வேலை போகாத ஒருவர்தான் அங்கே பேச முடியும். அவர் வெளியாளாகத்தான் இருப்பார்.

லண்டனும் வாஷிங்டனும்

1919-ல் வாடியா லண்டன் போனார். இந்திய அரசுச் சட்ட மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு முன் சாட்சியம் அளித்தார். புதிய சட்டமன்றங்களில் தொழிலாளர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று வாதாடினார். சொத்து இருப்பவருக்கு மட்டுமே ஓட்டு என்று இருந்த காலம் அது.

அங்கிருந்து வாஷிங்டன். அந்த ஆண்டு கடைசியில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு அங்கே நடந்தது. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி, அவருக்கு ஆலோசகர் வாடியா. உலகத்துக்கு 8 மணி நேர வேலை, வாரம் 48 மணி நேரம் என்று முடிவான அந்த மாநாட்டில் இந்தியாவுக்கு மட்டும் வாரம் 60 மணி நேரம் என்று தனி விதி எழுதப்பட்டது. அந்த 60-கூட அன்றைய இந்திய ஆலைத் தொழிலாளிக்கு ஒரு முன்னேற்றமாக இருந்தது. வாரம் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று இன்று எக்ஸ் தளத்தில் சண்டை நடக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோர்ட் உத்தரவு எல்லாவற்றையும் மாற்றியது

1920 அக்டோபரில் பக்கிங்காம் மில்லில் தகராறு வெடித்து, நிர்வாகம் கதவடைப்பு செய்தது. அதே மாதம் 31-ம் தேதி பம்பாயில் ஏ.ஐ.டி.யூ.சி. பிறந்தது. தேசிய அளவில் தொழிலாளர் இயக்கம் தலைதூக்கிய நேரத்தில், சென்னையில் அதன் முன்னோடிச் சங்கம் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

பின்னி நிறுவனம் கையில் எடுத்த ஆயுதம் சிவில் வழக்கு. தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, வாடியாவும் மற்ற சங்கத் தலைவர்களும் அதை மீறச் சொல்லித் தூண்டுகிறார்கள், எங்களுக்கு நஷ்டம் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெருந்தொகையை இழப்பீடாகக் கேட்டது. அப்படித் தூண்டக் கூடாது என்று தலைவர்களுக்கு நீதிமன்றம் தடை விதித்தது.

இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். சம்பளம் போதவில்லை, நாளை வேலைக்குப் போகாதீர்கள் என்று ஒரு சங்கத் தலைவர் சொன்னால் அவர் வீடு வாசலை விற்று நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும். இங்கிலாந்தில் 1901-ல் டாஃப் வேல் ரயில்வே வழக்கில் இதே கதி ஏற்பட்டு, 1906-லேயே சட்டம் போட்டுச் சங்கங்களைக் காப்பாற்றினார்கள். இந்தியாவில் அந்தக் காப்பு இல்லை. ஆண்டவர்கள் ஒன்றேதான், சட்டம் மட்டும் இரண்டு.

கடைசியில் சமரசம் வந்தது. வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டும், நிறுவனம் வழக்கைக் கைவிடும். 1921 தொடக்கத்தில் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். சங்கத்தைத் தொடங்கிய மூன்றாவது ஆண்டிலேயே அதன் முதல் தலைவர் வெளியே. நிறுவனம் எதிர்பார்த்தது கிடைத்தது. வெளியாள் போய்விட்டார்.

அவர் போன பிறகு

அமைதி வந்ததா? இல்லை. 1921-ன் நடுவில் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். இந்த முறை தொழிலாளர்களே இரண்டாக உடைந்தார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்ப, சண்டை மில் வாசலிலிருந்து புளியந்தோப்பு குடிசைகளுக்குப் பரவியது. வீடுகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாதக்கணக்கில் இழுத்து, போராட்டம் தோற்றது.

இதைக் கம்பெனியின் பிரித்தாளும் தந்திரம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. வேலைநிறுத்தத்தில் முதலில் பட்டினி கிடப்பது கையில் எந்தச் சேமிப்பும் இல்லாதவர்தான். அவர்களுடைய பயத்தையும் கணக்கையும் சங்கம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவேளை அன்று ரகசிய ஓட்டு ஒன்று இருந்திருந்தால் யார் எதை ஆதரிக்கிறார்கள் என்பது தெருச் சண்டையில் தெரியவேண்டிய அவசியம் வந்திருக்காது. அங்கீகாரத்துக்கு ஓட்டு என்பது முதலாளிக்கு எதிராக மட்டும் தேவைப்படும் விஷயமில்லை. சங்கத்துக்கும் அது ஒரு கண்ணாடி.

1926 சட்டம் கொடுத்ததும் விட்டதும்

வாடியா வழக்கு வீணாகவில்லை. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் லண்டனில் குரல் கொடுத்தன. 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கங்களுக்குப் பதிவும் பாதுகாப்பும் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் 1 முதல் அமலானது.

அதன் 17, 18-வது பிரிவுகள் பதிவு பெற்ற சங்கத்தின் தலைவர்களைக் குற்றச் சதி வழக்கிலிருந்தும், வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்தும் காத்தன. வாடியாவை வீழ்த்திய அதே ஆயுதம் முனை மழுங்கியது. நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாட்களாக இருக்கலாம் என்றும் சட்டம் ஒப்புக்கொண்டது.

ஆனால் மூன்றாவது படி? பதிவு பெற்ற சங்கத்தை முதலாளி அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கேஸ் போட்டு உங்களை ஒழிக்க முடியாது. ஆனால் உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம்.

சாமராஜநகர் மாவட்டத்தின் இன்றைய வரைபடத்தில் அந்தச் சட்டத்தின் எல்லையைப் பார்க்கலாம். இப்போது அதே மாவட்டத்தில் இருக்கும் கொள்ளேகால் அப்போது சென்னை மாகாணம், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-ல்தான் மைசூருவோடு சேர்ந்தது. ஆகவே 1927-ல் கொள்ளேகாலில் ஒரு சங்கம் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். பக்கத்து சாமராஜநகரில் முடியாது. அது மைசூர் மகாராஜாவின் சமஸ்தானம், சட்டமோ பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும். தொழிலாளியின் உரிமை அவர் எந்தப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தப் பட்டியல் விஷயம் கீழே மறுபடியும் வரும்.

பெங்களூருவில் ஒரு அமைதியான முடிவு

வாடியா மில் வாசலுக்குத் திரும்பவே இல்லை. 1922-ல் பிரம்மஞான சபையிலிருந்தும் விலகினார். அமெரிக்காவில் சில ஆண்டுகள் ஆன்மிகப் பணி. மனைவி சோஃபியாவுடன் இந்தியா திரும்பினார். 1945-ல் இருவரும் பெங்களூரு பசவனகுடியில் இந்திய உலகப் பண்பாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நூலகமும் சொற்பொழிவுகளுமாக அது இன்றும் இயங்குகிறது. 1958 ஆகஸ்ட் 20-ல் பெங்களூருவிலேயே காலமானார்.

அந்தப் பக்கம் போனால் பி.பி. வாடியா சாலையைப் பார்ப்பீர்கள். அவர் விட்டுப்போன பெரம்பூர் ஆலைகள் 1996-ல் மூடப்பட்டன.

சரி, இன்றைக்கு நிலைமை என்ன?

வாடியா எதிர்கொண்ட இரண்டு கேள்விகளும் உயிரோடு இருக்கின்றன.

முதலாவது, வெளியாள். 2001-ல் வந்த திருத்தம், அமைப்பு சார்ந்த துறைகளில் வெளியாட்களின் அளவை நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அது என்று சுருக்கியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி ஐந்து வாரங்களுக்கு மேல் நடந்த வேலைநிறுத்தம் ஞாபகம் இருக்கிறதா? அங்கேயும் சி.ஐ.டி.யூ. என்ற வெளி அமைப்பின் பங்கு பெரும் விவாதமானது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருக்கலாமா என்றுகூடச் சண்டை. உயர் நீதிமன்றம் வரை போன பிறகு 2025 ஜனவரி 27-ல் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. அதாவது, அத்தனை போராட்டமும் இரண்டாவது படிக்கு.

இரண்டாவது, அங்கீகாரம். மகாராஷ்டிரம், கேரளம் போன்ற சில மாநிலங்கள் தனிச் சட்டம் வைத்திருந்தன. மத்தியச் சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்க முயன்றது 2020-ம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. 2025 நவம்பர் 21-ல் அது அமலுக்கு வந்தது. அதன் 14-வது பிரிவுப்படி ஒரே ஒரு சங்கம் இருந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிர்வாகம் அதை ஏற்க வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்றது பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் 51 இல்லையென்றால் 20 சதவீத ஆதரவு கொண்ட சங்கங்கள் சேர்ந்த ஒரு குழு. அதே தொகுப்பு வேலைநிறுத்தத்துக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுப்பதை எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரு கை நாற்காலியை இழுத்துப் போடுகிறது, இன்னொரு கை எழுந்து வெளியேறும் கதவைக் கொஞ்சம் சாத்துகிறது.

இங்கேதான் நெடுஞ்சாலையோரக் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். சட்டம் பதிவேட்டை வைத்து எண்ணுகிறது. ஆனால் யாருடைய பதிவேடு? கிடங்குகளில் பேக் செய்பவர், சுமை ஏற்றுபவர் பலர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். கேட்டில் ஒரு பிராண்டின் பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு ஏஜென்சியின் பெயர். பண்டிகை விற்பனைக்கு வருபவர் அடுத்த மாதம் இருப்பதில்லை. வேலையின் வேகத்தையும் டார்கெட்டையும் முடிவு செய்வது பிராண்ட். பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியவர் ஏஜென்சி என்றால் 51 சதவீதம் வாங்கியும் என்ன பேசுவது?

ஓட்டில் ஜெயித்தாலும் கதை முடிவதில்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்ட் கிடங்கில் 2022 ஏப்ரலில் 2,654-க்கு 2,131 என்று சங்கம் ஜெயித்தது. அமேசான் முடிவை எதிர்த்தது. ஆண்டுகள் ஓடியும் ஒப்பந்தம் வரவில்லை.

இது உங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். 2016-ல் ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. 2017-ல் கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர் சங்கம் வந்தது. ஆட்குறைப்பு மெயில் வந்த அன்று ஹெச்.ஆரோடு தனியாக வீடியோ காலில் உட்கார்ந்த யாருக்கும் அந்த மூன்றாவது படி என்னவென்று விளக்கத் தேவையில்லை.

அடுத்த முறை ஏதாவது ஒரு கிடங்கில் யூனியன் பற்றிய செய்தி வந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். சங்கம் பதிவாகியிருக்கிறதா? ஆதரவை எண்ணுவது யாருடைய பதிவேட்டை வைத்து? மேசைக்கு எதிரில் உட்காரப்போகிறவருக்குச் சம்பளத்தையும் வேகத்தையும் மாற்றும் அதிகாரம் இருக்கிறதா? முதல் கேள்விக்கு விடை கிடைக்க வாடியா தன் பதவியைக் கொடுக்க வேண்டியிருந்தது. மற்ற இரண்டும் இனிமேல்தான்.